தெரிந்தவர் யாரும் இல்லை, மூளை ஆராய்ச்சி லேப்பில் இடம் கேட்பது எப்படி?

மன்னைப் பெண் | செப்டம்பர் 14, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, அது ஒரு குறைதான். பல்கலைக்கழகங்களில் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் லேப் (பேச்சு, நினைவு, கவனம் எல்லாம் மூளையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் இடம்) என்று இருக்கிறதே, அதில் ஏதாவது ஒரு வேலைக்கு, பயிற்சிக்கு, எப்படி இடம் கேட்பது?

ஏன் இந்தத் துறை என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் என் பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் ‘தண்ணி’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல வாய் கோணிப் போராடுவார், வராது, அழுதுவிடுவார். பாட்டி நாற்பது வருடம் நடவுக்குப் போனவர். ஒருநாள் சாயங்காலம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பழைய நடவுப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாட்டி அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் முழுதும் பாடினார். பாடி முடித்ததும் மறுபடி பேச்சு இல்லை. வீட்டில் எல்லோரும் சாமி என்றார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை 31 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ஒரு பதில்கூட வரவில்லை. எங்கள் கல்லூரியில் இதைப் பற்றி விசாரிக்க ஆள் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை | செப்டம்பர் 14, இரவு 11.05

தங்கச்சி, நான் அம்மாப்பேட்டைக்காரி. பெங்களூருவில் ஒரு லேப்பில் பிஎச்.டி. நான்காம் வருடம். எங்கள் லேப்புக்கு வரும் மெயில்களை முதலில் பிரித்துப் பார்ப்பது நான்தான். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

முதலில் பாட்டியின் விஷயம். அது சாமியாகவும் இருக்கட்டும், நரம்பியலிலும் அதற்கு இடம் இருக்கிறது. 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்குக் கேட்பது புரியும், ஆனால் எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒரே ஒலிதான் வரும். இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது பக்க முன்மடலில் சேதம். அந்த இடத்துக்கே இன்று புரோக்கா பகுதி என்று பெயர். இப்படிப் பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் தங்கிவிடும். இதை வைத்து 1973இல் பாஸ்டனில், சொற்களை ராகம் போட்டு இழுத்துச் சொல்லவைத்து அதன் வழியே பேச்சைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அது ஏன் சிலருக்கு வேலை செய்கிறது, ராகமா, தாளமா, மனப்பாடமாகிப் போன சொற்களா, வலது பக்க மூளையா என்பதில் இன்றைக்கும் வாதம் தீரவில்லை. நீ கேட்டது நல்ல கேள்வி. உன் மெயிலில் இந்தக் கதை இருந்ததா? இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, 31 பேரும் யார்? பெயரில் ‘நியூரோ’ இருக்கும் இடமெல்லாம் ஒன்று இல்லை. எலியின் நரம்பணுவில் புரதத்தைப் பார்க்கும் லேப் உண்டு, ஈயை வைத்து மரபணு பார்க்கும் லேப் உண்டு. சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கிறார்கள், கருவின் மூளைக்கு ஒரு பெரிய வரைபடமே வெளியிட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் பாட்டுப் பாடும்போது உயிரோடிருக்கும் மூளை என்ன செய்கிறது என்று கேட்கப் போக வேண்டிய இடம் அது இல்லை. உன் கேள்விக்கு மனிதர்களை உட்காரவைத்துப் பரிசோதிக்கும் லேப் வேண்டும். ஈஈஜி (தலையில் தொப்பி மாட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது), எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன்), கண் அசைவைப் பதியும் கருவி, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கம்ப்யூட்டரும் விசைப்பலகையும்.

எங்கே தேடலாம்? பெங்களூருவில் ஐஐஎஸ்சி என்ற இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பியல் மையம் (2009இல் தொடங்கியது), அங்கேயே மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ், மைசூருவில் பேச்சு கேட்டலுக்கான அகில இந்திய நிறுவனம், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிதல் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ்) மையம், ஹைதராபாத்தில் ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனம், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் இருக்கும் நடத்தை அறிதல் அறிவியல் மையம், ஐஐடிகளில் காந்திநகர், கான்பூர், டெல்லி, ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். இதில் ஒவ்வொன்றிலும் பேராசிரியர் பக்கத்துக்குப் போய், கடைசி இரண்டு வருடத்தில் என்ன கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பார். நாலு பேர் தேறுவார்கள். அந்த நாலு பேருக்கு எழுதினால் போதும்.

ஏமாந்தவன் சொல்கிறேன் | செப்டம்பர் 15, காலை 7.20

நல்ல பதில் அக்கா. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ‘நியூரோசயின்ஸ் இன்டர்ன்ஷிப், சான்றிதழோடு’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும். நான் போன வருடம் 8,000 ரூபாய் கட்டினேன். பத்து நாள் ஆன்லைனில் ஸ்லைடு காட்டினார்கள், தங்க நிற எழுத்தில் சான்றிதழ் வந்தது. பின்னால் ஒரு லேப் நேர்காணலில் அதைக் காட்டினேன். ‘இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பணம் அம்மா சீட்டுப் பிடித்துக் கொடுத்தது. பல்கலைக்கழக லேப்பில் வேலை கற்றுக்கொள்ள யாரும் உன்னிடம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், உடனே விலகிவிடு தங்கச்சி.

பாபநாசம் ராஜகிரி | செப்டம்பர் 15, காலை 10.12

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இந்த மெயில் அனுப்புவதெல்லாம் பிறகு. முதலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை முடிக்கச் சொல்லுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து அதுதான் கணக்கு. கையில் உதவித்தொகையோடு போனால் எந்தப் பேராசிரியரும் கதவைத் திறப்பார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வுதான் சமமான வழி. சிபாரிசு, ஆங்கிலம், பெரிய கல்லூரிப் பெயர் எதுவும் அங்கே செல்லாது. நான் அப்படித்தான் மேலே வந்தேன்.

வெண்ணாற்றங்கரை | செப்டம்பர் 15, மதியம் 1.30

ராஜகிரி அண்ணா, தேர்வு சமமான வழி என்பதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருட பி.எஸ்சி. படித்தவர், அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் எழுத எம்.எஸ்சி. படிப்பில் இருக்க வேண்டும். இந்தப் பெண் பி.எஸ்சி. இரண்டு மூன்று வருடம் காத்திருந்து, நெட்டும் முடித்து, லேப்புக்குள் காலெடுத்து வைத்த பிறகு ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தெரிந்தால்? எங்கள் லேப்பிலேயே அப்படி ஒருவர் ஒரு வருடத்தில் விட்டுப் போனார். முன்னாலேயே இரண்டு மாதம் உள்ளே இருந்து பார்ப்பது அதற்காகத்தான்.

தேர்வு எழுத ஆசை என்றால் கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு இருக்கிறது. இளநிலை மூன்றாம் வருடத்திலிருந்தே எழுதலாம். லைஃப் சயின்ஸ் தாளில் விலங்கியல் ஒரு பிரிவு, வேதியியல் கட்டாயம். உளவியல் படித்தவர்களுக்கு 2021இலிருந்து ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் உளவியல் பிரிவும் உண்டு. அப்புறம் அறிதல் அறிவியல் எம்.எஸ்சி. என்றே தனிப் படிப்பு இருக்கிறது. காந்திநகர் ஐஐடியில் எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். விலங்கியல் படித்தாயே என்று யாரும் தள்ள மாட்டார்கள்.

குடந்தை ஓய்வு ஆசிரியர் | செப்டம்பர் 15, மாலை 6.45

அம்மா, 34 வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இந்த டெல்டாவுக்கும் மூளைக்கும் தொடர்பு இல்லை என்று நினைக்காதே. சென்னை பொது மருத்துவமனையில் 1950இல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி சீர்காழியில் பிறந்தவர். உன் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேர பஸ் தூரம்.

நான் சொல்ல வந்தது பரிந்துரைக் கடிதம் பற்றி. லேப்பில் கேட்பார்கள். மாணவர்கள் துறைத் தலைவரிடம்தான் போய் நிற்பார்கள், பெரிய பதவி என்று. அவருக்கு உன்னை முகம்கூடத் தெரியாது. ‘ஒழுக்கமான மாணவி’ என்று இரண்டு வரி எழுதித் தருவார். அதைவிட, செய்முறை வகுப்பில் உன் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியரிடம் போ. நீ நுண்ணோக்கி ஸ்லைடைச் சிதையாமல் தயாரித்துக் காட்டினாய், குறிப்பேட்டில் தப்பை மறைக்காமல் எழுதினாய் என்று அவர்தான் எழுத முடியும். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதே. நீ செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடு, ஆசிரியருக்கு உதவியாக இருக்கும். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேள்.

மன்னைப் பெண் | செப்டம்பர் 16, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி மறுபடி எண்ணிப் பார்த்தேன். 31 பேரில் 22 பேர் எலி, மீன், செல். மனிதர்களை வைத்து வேலை செய்பவர்கள் ஒன்பதே பேர். எல்லோருக்கும் ஒரே மெயில். அதிலும் மூன்று பேர் பெண்கள், அவர்களுக்கும் ‘ஐயா’ என்றே போயிருக்கிறது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்: ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி. எனக்குச் சிறு வயது முதலே மூளை பற்றி மிகுந்த ஆர்வம் உண்டு. நான் கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்வேன். தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு வாய்ப்பு அளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.’

இதை எப்படி மாற்றுவது?

வெண்ணாற்றங்கரை | செப்டம்பர் 16, இரவு 11.50

அழாதே. எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுகிறோம், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்ற மாதிரியே இதையும் எழுதுகிறோம்.

அந்த மெயிலில் உன் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதுதான் அதில் உள்ள கோளாறு. படிப்பவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இவள் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள், என் லேப்பை ஏன் தேடி வந்தாள், வந்தால் நாளைக்கு என்ன வேலை கொடுக்கலாம். ‘கடின உழைப்பாளி’ இதில் எதையும் சொல்லவில்லை.

பாட்டியின் கதையை இரண்டு வரியில் சொல். இரக்கம் கேட்கிற மாதிரி வேண்டாம், பார்த்ததைச் சொல்: பேச வரவில்லை, பாட வந்தது. அடுத்து அவர்கள் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்துவிட்டு, உனக்கு நிஜமாகவே புரியாத ஒரு இடத்தைக் கேள். பாராட்ட வேண்டாம். ‘கேட்பவர்களுக்கு ஏன் பாட்டின் வரிகளை மட்டும் போட்டீர்கள், மெட்டை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தீர்களா’ என்ற மாதிரி. மூன்றாவதாக, எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்று தெளிவாக எழுது. ஒரு பக்கத்தில் படிப்பு விவரம், மதிப்பெண் பட்டியல், இரண்டும் பிடிஎஃப். அவ்வளவுதான். போனில் படித்தால் விரலால் ஒருமுறை தள்ளுவதற்குள் முடிய வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடு, அது உன்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை. லேப்பின் ஆராய்ச்சி மானியம் முடிந்திருக்கும், இடம் இருக்காது.

இன்னொன்று. பேராசிரியருக்கு எழுதும் முன் அங்கே இருக்கும் ஒரு பிஎச்.டி. மாணவருக்கு எழுது. ‘உங்கள் லேப்பில் இளநிலை மாணவர்களை எடுக்கிறீர்களா, எந்த மாதத்தில் முடிவு செய்வீர்கள்’ என்று மட்டும் கேள். நாங்கள் பெரும்பாலும் பதில் போடுவோம்.

வல்லம் கோடிங் | செப்டம்பர் 17, காலை 8.30

நான் பொறியியல் பக்கம், ஈஈஜி சிக்னல் வேலை. அக்கா சொன்ன மூன்றாவது விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: ‘நாளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்’. விலங்கியல் படித்தவருக்கு அதற்குப் பதில் வேண்டுமென்றால் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் போதும். கோப்பைத் திறப்பது, சராசரி எடுப்பது, வரைபடம் போடுவது.

படித்துக்கொண்டே இருக்காமல் ஒரு சின்ன வேலையை முடித்துக் காட்டு. இரண்டு வழி. ஒன்று, ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் உலகம் முழுக்க லேப்கள் தங்கள் ஈஈஜி, எஃப்எம்ஆர்ஐ பதிவுகளை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆளின் கோப்பை மட்டும் இறக்கு, இல்லையென்றால் உன் மொபைல் டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும். எம்என்இ பைத்தான் என்ற இலவச மென்பொருளில் திற. கண் சிமிட்டும்போது அலையில் வரும் பெரிய மேட்டை முதலில் கண்டுபிடி.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. நீயே ஒரு பரிசோதனை செய். 1935இல் ஸ்ட்ரூப் செய்தது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைக் கேட்டால் ஆள் தடுமாறுவார். சொல்லைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. இதைத் தமிழ்ச் சொற்களில் செய். சைக்கோபை என்ற மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். உன் ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள். வருகிறவர்களிடம் என்ன செய்யப் போகிறோம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கு.

திருத்துறைப்பூண்டி அம்மா | செப்டம்பர் 18, மதியம் 3.00

பாப்பா, என் மகள் போன வருடம் இப்படித்தான் ஹைதராபாத் போனாள். வீட்டில் என்ன சொல்கிறார்கள்? நாங்கள் முதலில் விடவில்லை. அதனால் கேட்கிறேன்.

மன்னைப் பெண் | செப்டம்பர் 18, இரவு 9.00

அப்பா ‘இரண்டு மாசம் தனியாகப் பெங்களூரிலா’ என்று கேட்டுவிட்டு எழுந்து வயலுக்குப் போய்விட்டார் அம்மா. சம்பா நாற்று விடுகிற நேரம், அதற்கு மேல் பேசவில்லை.

திருத்துறைப்பூண்டி அம்மா | செப்டம்பர் 18, இரவு 9.40

அப்பாவுக்குத் தெரிய வேண்டியது லேப் என்ன செய்கிறது என்பது இல்லை பாப்பா. எங்கே படுப்பாய், யார் பொறுப்பு, எந்த வண்டியில் போவாய். எங்கள் வீட்டுக்காரர் லேப்பிலிருந்து வந்த கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் பார்த்த பிறகுதான் சரி என்றார். மகளிர் விடுதியில் இடம் உண்டா என்று முன்னாலேயே கேட்டு வாங்கு. தஞ்சாவூரிலிருந்து மைசூரு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது பெங்களூரு. முதல் தடவை அப்பாவையே கூட்டிக்கொண்டு போ. அந்த இடத்தை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

வெண்ணாற்றங்கரை | செப்டம்பர் 19, இரவு 10.30

அம்மா சொன்னதுபோல் செய். என் அப்பாவும் முதல் நாள் வந்து லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஒன்று தருகின்றன. இரண்டு மாதம், பயணச் செலவும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரோடு முடிந்துவிடும். பொங்கல் கழித்துத் தேடினால் கிடைக்காது. அதையும் போடு. பணம் தரும் வேறு இடங்கள் ‘புராஜெக்ட் அசிஸ்டென்ட்’, ‘புராஜெக்ட் அசோசியேட்’ என்று வரும். அது ஒரு ஆராய்ச்சி மானியத்தில் வரும் வேலை, மானியம் இருக்கும் வரைதான். அந்தந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் பத்துப் பதினைந்து நாள் கெடுவோடு வந்து போய்விடும். வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இரு.

நீ தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருந்தாய். அது குறை இல்லை என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தது. இங்கே பெங்களூருவில் ஸ்கேனுக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. எஃப்எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. கொண்டை ஊசி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். போன வருடம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தாலியைக் கழற்றச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. கூட இருந்த மாணவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பாதுகாப்பு விதியை விளக்கினார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய் அவரை உட்காரவைத்து, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டி, ‘அம்மா, இது கழுத்தில் ஏறின பிறகு அதைக் கழற்றுங்க, உங்க வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்க’ என்றேன். சிரித்துக்கொண்டே படுத்தார். அந்த நாள் பதிவு எங்கள் தரவில் மிகச் சுத்தமான பதிவுகளில் ஒன்று, அவர் அவ்வளவு அசையாமல் இருந்தார்.

வருகிறவர்களோடு பேசத் தெரிந்தவர்கள் ஒரு லேப்புக்கு அவ்வளவு தேவை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுத, அதைப் படித்தால் ஒரு நடவு வேலைக்காரருக்குப் புரியுமா என்று பார்க்க உன்னால் முடியும். இதை மெயிலில் எழுது.

மன்னைப் பெண் | டிசம்பர் 3, இரவு 8.20

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ரூப் பரிசோதனையைச் செய்து முடித்துவிட்டேன். எங்கள் செய்முறை ஆசிரியை அனுமதி கொடுத்து, அவரும் ஒரு ஆளாக உட்கார்ந்தார். மொத்தம் 14 பேர்.

முதல் மூன்று பேரின் பதிவைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. எந்த விசை எந்த நிறம் என்று நான் வாயால் மட்டும் சொன்னேன். அவர்கள் நிறத்தை யோசிக்கவில்லை, விசையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் விசைகள் மேல் கலர் ஸ்டிக்கர் ஒட்டி, முதலில் இருபது தடவை பயிற்சி கொடுத்தேன். சரியாக வந்தது. இன்னொன்று, ‘நீலம்’ என்ற சொல்லையும் ‘மஞ்சள்’ என்ற சொல்லையும் ஒரே எழுத்தளவில் போட்டாலும் திரையில் ஒரே அகலத்துக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அதோடுதான் போனது. சொல்லும் மையும் வேறாக இருந்தபோது எல்லோருமே மெதுவாகத்தான் பதில் சொன்னார்கள். ஆள் குறைவு, அதனால் அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

கோடை உதவித்தொகைக்குப் போட்டாயிற்று. ஐந்து பேருக்குப் புது மெயில் எழுதியிருக்கிறேன். எழுத ஐந்து வாரம் ஆனது, கட்டுரைகளைப் படிக்கத்தான்.

வல்லம் கோடிங் | டிசம்பர் 3, இரவு 9.15

தூக்கிப்போட்ட மூன்று பேரைப் பற்றி மெயிலில் எழுதினாயா? எழுதவில்லையென்றால் நினைவூட்டலில் எழுது. மற்ற 11 பேரைவிட அந்த மூன்று பேர்தான் உனக்கு வேலை தெரியும் என்று காட்டுகிறார்கள்.

மன்னைப் பெண் | பிப்ரவரி 21, மாலை 5.30

கோடை உதவித்தொகை கிடைக்கவில்லை. ஐந்து மெயிலில் இரண்டுக்குப் பதில் வந்தது. ஒருவர் இடம் இல்லை என்று அன்பாக எழுதி, படிக்க இரண்டு கட்டுரை அனுப்பினார். இன்னொருவர் ஆன்லைனில் பேசக் கூப்பிட்டார். இருபது நிமிடம். பாட்டியைப் பற்றிக் கேட்டார், பாடும்போது சொற்கள் தெளிவாக இருந்ததா, புதுப் பாட்டு கற்றுக்கொடுத்தால் பாடுகிறாரா என்று. நான் அதைச் சோதித்துப் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். அப்புறம் ஸ்டிக்கர் விஷயத்தைத்தான் பத்து நிமிடம் பேசினோம். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினேன், நிதானமாகச் சொல்லுங்கள் என்றார்.

நேற்று கடிதம் வந்தது. மே, ஜூன் இரண்டு மாதம். விடுதிச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை. அப்பா கடிதத்தை இரண்டு தடவை மடித்து மடித்துப் பார்த்துவிட்டு, டிக்கெட் எப்போது போட வேண்டும் என்று கேட்டார்.

குடந்தை ஓய்வு ஆசிரியர் | பிப்ரவரி 21, மாலை 6.10

ரொம்ப சந்தோஷம் அம்மா. பரிந்துரை எழுதிய ஆசிரியைக்கு முதலில் நேரில் போய்ச் சொல்.

மன்னைப் பெண் | ஜூன் 14, இரவு 10.40

லேப்பிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள், நான் தரவுப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை என்ன என்று பலர் தனியாகக் கேட்டீர்கள். காலையில் வருகிறவருக்கு ஈஈஜி தொப்பி மாட்டுவது. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, பாதியில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். தொப்பியின் நடு ஓட்டை அங்கே வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் மொட்டை ஊசியால் முடியை விலக்கி ஜெல் விட வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் மின்தடை இறங்கவே இறங்காது. நம் ஊர்க்காரர்கள் எண்ணெய் வைக்காமல் வெளியே வருவார்களா? முந்தின நாள் நான் போன் செய்து, தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் வாருங்கள், முடிந்ததும் இங்கேயே தலை அலசிக்கொள்ளலாம், துண்டு இருக்கிறது என்று சொல்கிறேன். நான் வந்த பிறகு தமிழ் பேசுகிறவர்கள் வந்துவிட்டுத் திரும்பிப் போனது இல்லை.

முதல் நாள் எனக்கே தொப்பி மாட்டினார்கள். கண்ணை மூடு என்றார்கள். மூடின உடனே திரையில் பின்மண்டைக்கான வரிகளில் நொடிக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் அலை சீராக வந்தது, கண்ணைத் திறந்ததும் போய்விட்டது. அந்தப் பதிவைக் காட்டியபோது என் கை நடுங்கியது. ஹான்ஸ் பெர்கர் 1929இல் எழுதியது இதைத்தான் என்றார்கள்.

முக்கால்வாசி நேரம் தொப்பி கழுவுவது, ஆள் கூப்பிடுவது, கோப்புக்குப் பெயர் வைப்பது, பதிவிலிருந்து கண் சிமிட்டலை நீக்குவது. யாராவது தினமும் கண்டுபிடிப்பு நடக்கும் என்று நினைத்து வந்தால் கஷ்டப்படுவார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எம்.எஸ்சி. சேர்க்கை முடிவு இன்னும் வரவில்லை.

முந்தாநாள் அப்பா போன் செய்தார். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். பாட்டியிடம் போனைக் கொடுத்தார். அத்தை பக்கத்திலிருந்து முதல் அடியை எடுத்துக் கொடுக்க, பாட்டி பாடினார். இந்தத் தடவை நான் எழுதிக்கொண்டேன், எந்தச் சொல் தெளிவு, எந்த இடத்தில் இழுக்கிறார் என்று. அப்புறம் அத்தையிடம் ஒரு புதுப் பாட்டு, நாலே வரி, தினமும் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வேதாரண்யம் பையன் | ஜூன் 15, காலை 6.50

அக்கா, முழு இழையையும் இரவே படித்துவிட்டேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அப்பா உப்பளத்தில் வேலை. நேரம் எப்படி ஓடுகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்பதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இயற்பியல் படித்தவனை எடுப்பார்களா?

மன்னைப் பெண் | ஜூன் 15, காலை 7.15

எடுப்பார்கள் தம்பி. இங்கே என் பக்கத்து மேசையில் இருப்பவர் இயற்பியல்தான். கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல், உப்பளத்தில் பார்த்ததா? மெயிலை இன்னும் யாருக்கும் அனுப்பாதே. வரைவை இங்கே போடு, வெண்ணாற்றங்கரை அக்காவும் நானும் பார்க்கிறோம்.